நிலாவெளிக்குச் சைக்கிளோடு ஒரு பயணம்

திருகோணமலைப் பட்டினத்தை விட்டு வடக்கே கடலோரமாகச் செல்லும் வீதியிலே மூன்று 'வெளி'கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முதலாவது உப்புவெளி, அடுத்தது நிலாவெளி, அதற்கும் அப்பால் குச்சவெளி. இம்மூன்றிலும் பெயரைச் சொல்லும்போதே மனத்தைக் குளிர்விப்பது நிலாவெளிதான். பட்டினத்திலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீற்றர் தூரத்திலுள்ள இவ்வூர்க் கடற்கரை கிழக்கை நோக்கிக் கிடப்பது. ஆகவே பௌர்ணமி இரவிலே நிலா கடலிலிருந்து எழுந்து வருவதை மணலில் அமர்ந்தபடியே காணலாம். அதனை ஒருமுறை கண்டவர், இவ்வூருக்கு இப்பெயர் எப்படி வந்தது என்று எவரிடமும் கேட்கமாட்டார்.

மேற்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் கடல் கொந்தளிக்கும் மாதங்களிலே இங்கே கடல் குளம்போல் அமைதியாயிருக்கும். சித்திரை தொடங்கிப் புரட்டாதி வரை இப்பக்கத்துக்கு நல்ல காலம். ஐப்பசிக்குப் பின் வடகீழ்ப் பருவக்காற்று வந்து மழையையும் அலையையும் கொண்டுவந்து விடும். எனவே ஆவணி மாதத்துப் பாடசாலை விடுமுறையிலே வெள்ளவத்தையிலுள்ள எமது சிறு வீட்டைப் பூட்டிவிட்டு, மனைவி மக்களோடு நிலாவெளிக்குப் புறப்படுவது சில ஆண்டுகளாக எமக்கு வழக்கமாகிவிட்டது.

இம்முறை வாசகர்களுக்கு நாம் சொல்லவிருப்பது நிலாவெளியின் அழகை மாத்திரமன்று. அங்கே சைக்கிளைக் கொண்டுபோன கதையையும் சொல்லவேண்டும். 'இது ஒரு விஷயமா?' என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு வரை நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

எமது மூத்த மகனுக்கு வயது பதினைந்து. அவனிடம் ஒரு 'மவுண்டன் பைக்', அதாவது மலைச்சைக்கிள் இருக்கிறது. யப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள்களை விற்கும் கடையொன்றிலே வாங்கியது. அவனோடு ஓடுவதற்கென்று நாமும் அதே கடையில் ஒன்றை வாங்கிக்கொண்டோம். இதைக் கேள்வியுற்ற நண்பர் ஒருவர், "நிலாவெளியிலே மலை எங்கேயப்பா இருக்கிறது?" என்று கேட்டுச் சிரித்தார். சிரிப்புக்குரிய கேள்விதான். ஆனால் அகன்ற ரயரும் தடித்த சட்டமும் தாழ்ந்த கியர்களும் உடைய இவ்வகைச் சைக்கிள் மலைக்கு எவ்வளவு பொருத்தமோ, மணலுக்கும் கிரவல் பாதைக்கும் அவ்வளவு பொருத்தம்.

இச்சைக்கிள் பிறந்த கதையும் எமது விஷயத்தோடு தொடர்புடையதே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் என்னும் பகுதியிலுள்ள சில இளைஞர் 1970களிலே பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களைச் செப்பனிட்டு மலைச்சரிவிலே ஓட்டி விளையாடினார்கள். 1976 ஒக்டோபரில் அவர்கள் நடத்திய 'ரீபாக்' என்னும் சரிவோட்டப் போட்டி இன்று பெயர்பெற்றது. இருபது ஆண்டுகளின் பின், 1996இல், அற்லாண்டா ஒலிம்பிக் விழாவிலே மலைச்சைக்கிள் ஓட்டமும் ஒரு போட்டியாகிவிட்டது. இதிலே வேடிக்கை என்னவென்றால், அந்த முதல் இளைஞர்களும் பாரமான சைக்கிள்களை மலையுச்சிக்குக் கொண்டுபோவதற்கு லொறிகளின் உதவியை நாடினார்கள் என்பதே. மலைச்சைக்கிளைச் சுமந்து செல்லும் பிரச்சினை மலைச்சைக்கிளின் பிறப்போடு கூடவே பிறந்தது எனலாம்.

கலிபோர்னியாவுக்குப் போவானேன்? நம் நாட்டிலே பஸ்ஸின் கூரையில் சைக்கிளை ஏற்றிக் கயிற்றால் கட்டுவது எவ்வளவு பழைய வழக்கம்! யாழ்ப்பாணத்துத் தட்டிவானைக் கண்டவர்கள் அறிவார்கள். உள்ளே ஆட்கள், பின்தட்டியிலே வாழைக்குலை, மேலே பெட்டி, படுக்கை, அவற்றுக்கு மேலே ஒன்றிரண்டு சைக்கிள். தட்டிவான்காரர் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்து முடிந்தாரென்றால் அந்த முடிச்சு பருத்தித்துறை வரை அசையாது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் முதலிய அக்காலத்துக் கார்களின் கூரை ஓரத்திலே மழைநீர் வடிவதற்கென்று ஒரு சிறு பீலி இருந்தது. அந்தப் பீலியைக் கவ்விப் பிடிக்கும் நான்கு கால்களையும் இரண்டு சட்டங்களையும் பூட்டிவிட்டால் கூரைத் தாங்கி தயார். இன்றைய கார்களின் கூரையோ வழுவழுப்பான முட்டைபோல் இருக்கிறது. பீலி இல்லை, கயிறு கட்ட இடமில்லை. பழைய அறிவு பயன்படாத இடத்திலே புதிய அறிவைத் தேடாமற் போனோம். அதன் பலனைச் சென்ற ஆண்டு கண்டோம்.

சென்ற ஆண்டு நடந்ததை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறோம். புறப்படுவதற்கு முதல்நாள் மாலையிலே, விலை மலிவாயிருக்கிறதென்று காரின் டிக்கிக் கதவிலே கொழுவும் வார்த் தாங்கியொன்றை வாங்கினோம். கடைக்காரர் அதை எம் காரில் வைத்துப் பார்க்கவுமில்லை, நாம் கேட்கவுமில்லை. இரண்டு சைக்கிள்களையும் ஏற்றி, வார்களை இழுத்துக் கட்டி, அதிகாலையில் புறப்பட்டோம். குருநாகல் கடந்தது, தம்புள்ளை கடந்தது, ஹபரணையும் கடந்தது. இடையிலே இருமுறை தேநீருக்கு நிறுத்தியபோதும் பின்புறம் சென்று பார்க்கவேண்டும் என்று எமக்குத் தோன்றவில்லை. கந்தளாயை அணுகும்போது பின்னால் வந்த லொறியொன்று விடாமல் ஹோர்ன் அடித்தது. முந்திச் செல்ல வழி கேட்கிறான் போலும் என்று ஓரமாக ஒதுங்கினோம். லொறி முந்தவில்லை. அதுவும் எமக்குப் பின்னாலேயே நின்றது. சாரதி இறங்கி ஓடி வந்து, "ஐயா, சைக்கிள் றோட்டிலே இழுபடப் போகுது!" என்றார்.

சென்று பார்த்தோம். மேல்வார் ஒன்று தளர்ந்து, கொழுக்கி கதவின் விளிம்பிலிருந்து நழுவி, வெளிப்புறச் சைக்கிள் ஒரே வாரிலே தொங்கிக்கொண்டிருந்தது. அதன் சில்லு தரைக்கு ஒரு சாண் உயரத்தில் ஆடியது. லொறிக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதில் ஓர் இளைஞரும், அவருக்குப் பின்னால் கைக்குழந்தையோடு அவர் மனைவியும் இருந்தனர். லொறிக்காரர் மாத்திரம் எமக்கும் அவர்களுக்கும் இடையில் வராதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பதினான்கு கிலோ எடையுள்ள இரும்பும் அலுமினியமும் ஓடும் காரிலிருந்து அந்தப் பிள்ளையின் முன்னே விழுந்திருக்கும். லொறிக்காரர் தம்மிடமிருந்த நைலோன் கயிற்றால் சைக்கிளைக் கட்டித் தந்துவிட்டு, பணம் எதுவும் வாங்காமற் போய்விட்டார். அன்றிரவு நிலாவெளியிலே நல்ல நிலா. நாமோ அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கைக்குழந்தைதான் தெரிந்தது.

குற்றம் தாங்கியினது என்று சொல்லித் தப்ப நாம் விரும்பவில்லை. பொருத்தமற்றதை வாங்கியதும், பொருத்தமா என்று பாராததும், வழியில் ஒருமுறையேனும் தொட்டுப் பாராததும் எமது குற்றங்கள். ஆகவே இவ்வாண்டு இரண்டு மாதங்களுக்கு முன்பே விசாரிக்கத் தொடங்கினோம். அப்படி அறிந்தவற்றை, விடுமுறைக்குப் புறப்படும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்று இங்கே தருகிறோம்.

கார்களில் சைக்கிள் சுமக்கும் தாங்கிகள் மூன்று வகை. ஒன்று டிக்கியில் வார்களால் கட்டுவது. இரண்டாவது கூரைமேல் பொருத்துவது. மூன்றாவது காரின் பின்னால் உள்ள இழுவைக் கொழுக்கியிலே மாட்டுவது.

டிக்கித் தாங்கி மலிவானது. மடித்து ஒரு மூலையில் வைத்துவிடலாம். சைக்கிளை நெஞ்சளவுக்குத் தூக்கினாற் போதும். ஆனால் அது எல்லாக் கார்களுக்கும் பொருந்தாது. அதன் கொழுக்கிகள் தகட்டின் விளிம்பையே பிடிக்கவேண்டும். கண்ணாடியையோ, அலங்காரத்துக்காக வைத்த பிளாஸ்ரிக் துண்டையோ பிடித்தால் பாரம் தாங்காது. எமது காரின் பின்கதவில் மேல்விளிம்பு முழுதும் பிளாஸ்ரிக்! சென்ற ஆண்டின் இரகசியம் இப்போதுதான் விளங்கிற்று. அன்றியும் இத்தாங்கியில் ஏற்றிய சைக்கிள் பின்விளக்கையும் இலக்கத் தகட்டையும் மறைத்துவிடும். அது பல நாடுகளிலே சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், பிரேக் விளக்குத் தெரியாத காருக்குப் பின்னால் வருபவரின் கதி என்ன? வார்கள் வெயிலில் உலர்ந்து நைந்து போவதும், பூச்சை உராய்ந்து தேய்ப்பதும் வேறு.

இழுவைக் கொழுக்கித் தாங்கியே மூன்றிலும் உறுதியானது என்று அனுபவஸ்தர்கள் சொல்கிறார்கள். சைக்கிளை முழங்கால் உயரத்துக்கு மேல் தூக்கவேண்டியதில்லை. கூரைபோல் காற்றோடு மல்லாடுவதுமில்லை. பாரமான மின்சாரச் சைக்கிள்களுக்கு இதுவே ஏற்றது. ஏனெனில் அவற்றிற் பல 20 கிலோவுக்கும் மேற்பட்டவை. ஆயினும் நம் நாட்டுச் சிறிய கார்களிலே கொழுக்கி இருப்பது அரிது. அதைப் புதிதாய்ப் பொருத்துவதற்குச் செலவு மிகுதி. கொழுக்கி எவ்வளவு பாரத்தைச் செங்குத்தாகத் தாங்கும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. வான் அல்லது ஜீப் வைத்திருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

எஞ்சியது கூரைத் தாங்கி. மேலை நாடுகளில் இத்தொழிலிலே பெயர்பெற்ற நிறுவனம் சுவீடன் நாட்டுத் தூலே. 1942இலே எரிக் தூலின் என்பவர் அதைத் தொடங்கியபோது செய்து விற்றது காருக்குரிய பொருளன்று, மீனவருக்கான மீன்பொறி! இருபது ஆண்டுகள் கழித்து, 1962இல், பனிச்சறுக்குக் கட்டைகளைக் காரிலே கொண்டுசெல்லும் தாங்கியைச் செய்தார்கள். மீன்பிடி ஊருக்குப் போகும் நமக்கு இந்தச் செய்தி ஒருவகை நற்சகுனமாகவே பட்டது.

கூரைத் தாங்கியிலும் இரு பிரிவு உண்டு. ஒன்றிலே சைக்கிளின் முன்சில்லைக் கழற்றிவிட்டு, அச்சில்லைத் தாங்கும் கவையைத் தாங்கியில் பூட்டவேண்டும். சைக்கிள் அசையாமல் நிற்கும். ஆனால் கழற்றிய சில்லுக்குக் காருள்ளே இடம் தேடவேண்டும். அச்சின் பருமனும் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும். பழைய சைக்கிள்களின் மெல்லிய அச்சுக்குப் பொருந்தும் பூட்டு, புதியவற்றின் 15 மில்லிமீற்றர் அச்சுக்குப் பொருந்தாது. மற்றப் பிரிவிலே இரண்டு சில்லுகளோடும் சைக்கிளை ஒரு பீலியில் நிறுத்தி, கீழ்ச்சட்டத்தை ஒரு கை போன்ற கவ்வியால் பிடித்துவிடலாம். இதுவே எளிது. காபன் நாரினால் செய்த விலையுயர்ந்த சட்டமாயின் கவ்வியை இறுக்குவது ஆபத்து; அது நசிந்து வெடிக்கும். எமது சைக்கிள்கள் அலுமினியம் ஆகையால் அந்தக் கவலை இல்லை.

பின்பு கணக்கு. கார்க் கையேட்டை ஒருவரும் படிப்பதில்லை. அதிலே கூரை தாங்கும் பாரம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். எம் காருக்கு 50 கிலோ. தாங்கியின் எடையும் இதற்குள் அடங்கும். மகன் பென்சிலும் தாளும் எடுத்தான். குறுக்குச் சட்டங்கள் இரண்டும் 5 கிலோ. சைக்கிள் நிற்கும் பீலிகள் ஒவ்வொன்றும் 4 கிலோவாக இரண்டுக்கு 8. சைக்கிள்கள் 14, 13. கூட்டினால் 40. "இன்னும் பத்துக் கிலோ இருக்கு, அப்பா! தங்கச்சியின்ர சைக்கிளையும் ஏத்தலாம்" என்றான். மகளின் சிறிய சைக்கிள் சரியாகப் பத்துக் கிலோ. ஆனால் அதற்கும் ஒரு பீலி வேண்டுமே? அது 4 கிலோ. மொத்தம் 54. நான்கு கிலோதானே என்று அவன் முகத்தைப் பார்த்தான். நாமும் சற்றுத் தயங்கினோம். ஒன்பது வயதுப் பெண்பிள்ளை, அண்ணனும் அப்பாவும் சைக்கிளோடு போகத் தன்னுடையது மாத்திரம் வீட்டில் நிற்பதா என்று கண்கலங்கி நின்றாள்.

அந்த இக்கட்டைத் தீர்த்தவள் மனைவிதான். "இஞ்சேருங்கோ, மேலே ஏத்த முடியாட்டி உள்ளே ஏத்துங்கோவன். ரெண்டு சில்லையும் கழட்டிப் பழைய போர்வையில சுத்தி டிக்கியில வையுங்கோ. நாலு நாளைக்கு ஆறு சூட்கேஸ் என்னத்துக்கு?" என்றாள். ஆறு மூன்றாயிற்று, சிறிய சைக்கிளுக்கு இடம் கிடைத்தது. கூரையில் 40 கிலோ. 50 அன்று, 54உம் அன்று. எழுதிவைத்த எல்லையைக் கடந்தால் என்ன ஆகும் என்று பரிசோதித்துப் பார்க்கும் விருப்பம் கந்தளாயோடு எமக்குத் தீர்ந்துவிட்டது.

தாங்கியைப் பொருத்தும்போது கடையிலேயே நின்று பார்த்தோம். பீலியில்லாக் கூரைக்கு, கதவுச் சட்டத்தின் உட்பக்கத்தைக் கவ்வும் பாதங்கள் உண்டு. அவை காரின் வகைக்கேற்ப வெவ்வேறு அளவில் வருகின்றன. 'எல்லாக் காருக்கும் சரிவரும்' என்று சொல்லப்படுவதை நம்பாமல், எம் காருக்கென்று குறிப்பிட்டதையே வாங்கினோம். பொருத்தியபின் சட்டத்தைப் பிடித்து உலுக்கினோம். தாங்கி தனியே அசையாமல் கார் முழுவதும் சேர்ந்து அசைந்தால் சரி. தாங்கி மாத்திரம் அசைந்தால் பிழை. இந்தச் சோதனைக்குச் சாவியும் வேண்டாம், படிப்பும் வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். பத்துக் கிலோமீற்றர் சென்றதும் நிறுத்தி ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்தோம். புதிதாய்ப் பூட்டியவை முதலில் சற்று இளகுவது இயல்பு, ஒன்று இளகியிருந்தது, அலன் சாவியால் இறுக்கினோம். அதன்பின் குருநாகலில், தம்புள்ளையில், ஹபரணையில் என்று நிறுத்தும் இடமெல்லாம் மகன் இறங்கிச் சுற்றிவந்து, "எல்லாம் சரி" என்று சொன்ன பின்பே கார் நகர்ந்தது. வேகத்தையும் குறைத்தோம். வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்பது பௌதிக விதி. கூரையிலே இரண்டு சைக்கிளை நிறுத்தியவர் அவ்விதியை எரிபொருட் கணக்கில் நன்றாகவே கற்றுக்கொள்வார். 60 கிலோமீற்றருக்கு மேல் நாம் ஓட்டவில்லை. ஹபரணைக்கு அப்பால் காட்டோரத்தில் யானையொன்று புல் மேய்ந்துகொண்டு நின்றது. வேகம் குறைவாயிருந்ததன் பயன் அங்கேயும் கிடைத்தது. பிள்ளைகள் அதை ஆற அமரப் பார்த்தார்கள்.

கந்தளாய் வந்தபோது காரில் எவரும் பேசவில்லை. சென்ற ஆண்டு நின்ற இடம் எது என்று எம் நால்வருக்கும் தெரியும். ஓரமாய் நிறுத்தி இறங்கி, திருகுகளை மறுபடி தொட்டுப் பார்த்தோம். வீதியிலே மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. பலவற்றில் குடும்பமே அமர்ந்திருந்தது. நம் காரின் பின்னால் வருகிறவர்களுக்கும் நாமே பொறுப்பு என்பதை அவ்விடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவை ஏற்படவில்லை.

நிலாவெளியில் நாம் தங்கும் விடுதியின் வாசலிலே ஒரு வளைவு உண்டு. அதன்மேல் போகன்வில்லாக் கொடி படர்ந்திருக்கும். காரோடு சைக்கிளின் உயரம் 2.6 மீற்றர் என்று முன்னரே அளந்து, ஒரு சிறு தாளில் எழுதிக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்தோம். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருப்பது மகளின் வேலை. ஐந்து மணிநேரத்துக்கு மேற்பட்ட பிரயாணக் களைப்பிலே நாம் தாளை மறந்து நேரே வாசலுள் திருப்பினோம். "அப்பா, மேலே சைக்கிள்!" என்று அவள் போட்ட சத்தத்தில் பிரேக்கை மிதித்தோம். வளைவுக்கும் ஹாண்டிலுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. கூரைத் தாங்கி வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்கவேண்டும். தலைக்கு மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டுப் போர்ட்டிக்கோவும் விடுதி வாசலும் கார்த் தரிப்பிடத்துக் கூரையும் மன்னிப்பதில்லை.

மறுநாட் காலை ஆறு மணிக்கு மூன்று சைக்கிள்களும் வீதியில் இறங்கின. ஒருபுறம் கடல், மறுபுறம் பனையும் வெளியும். உப்பளப் பாத்திகளிலே தேங்கிய நீர் கண்ணாடிபோல் வானத்தைக் காட்டியது. கரையோரம் சென்றால் கரைவலை இழுப்பவர்கள் இரு வரிசையாய் நின்று இழுக்கிறார்கள். அலை வந்து போன ஈரமணல் இறுகியிருப்பதால் அகன்ற ரயர் அமிழாமல் ஓடுகிறது. சற்று மேலேறினால் காய்ந்த மணலில் சில்லு புதைந்து இறங்கித் தள்ளவேண்டும். கடலிலே, ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தூரத்தில், புறாமலைத் தீவு தெரிந்தது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்ட இடம் அது. பாறைகளிலே மாடப்புறாக்கள் கூடுகட்டுகின்றன, சுற்றிலும் பவளப்பாறை. அங்கே படகிலேதான் போகலாம். சைக்கிளைக் கரையிலே விட்டுவிட வேண்டியதுதான்.

வடக்கே இறக்கக்கண்டிப் பாலம் வரை ஓடினோம். கடனீரேரியின்மேல் நீண்டு கிடக்கும் பாலம் அது. பாலம் இல்லாத காலத்தில் இக்கரையோரத்து நீர்நிலைகளைப் 'பாதை' என்னும் மிதவையிலேயே கடந்தார்கள் என்பதையும், அந்தப் பாதையிலும் சைக்கிள்கள் ஏறிச் சென்றன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். திரும்பும் வழியில் மீன் வியாபாரி ஒருவரைக் கண்டோம். வயது அறுபதுக்கு மேலிருக்கும். பழைய சைக்கிளின் பின்கரியரில் பெரிய ரெஜிபோம் பெட்டி, அதன்மேல் தராசு. பெட்டியை அவர் கட்டியிருந்தது கயிற்றாலன்று. பழைய ரியூபை நீளமாய் வெட்டிய றப்பர் பட்டியால். எத்தனை கிலோ ஏற்றுவீர்கள் என்று கேட்டோம்.

"மீன் பட்டால் முப்பது, நாற்பது கிலோ போகும் தம்பி. கயிறு ஆட்டத்தில இளகும். றப்பர் ஆட்டத்தோட சேர்ந்து இறுகும். முடிச்சை எப்பவும் என் கைபடுற பக்கத்தில போடுவேன். ஓடிக்கொண்டே தொட்டுப் பார்க்கலாம் பாருங்க" என்றார்.

எங்கள் கார் இரண்டு சைக்கிளையும் இரண்டு தாங்கியையும் சேர்த்துச் சுமந்த பாரமும் அவருடைய ஒற்றைச் சைக்கிள் நாள்தோறும் சுமக்கும் மீன் பாரமும் ஏறக்குறைய ஒன்றே! நமக்கு விளையாட்டுக்காகச் சுமக்கப்படும் வண்டி, அவருக்கோ குடும்பத்தைச் சுமக்கும் வண்டி. 2004 மார்கழி 26இல் கடல் பொங்கியபோது இக்கரையிலே வீடும் படகும் வலையும் இழந்தவர்கள் பலர். தாமும் அன்று வீட்டை இழந்ததாக அவர் சொன்னார். இந்தச் சைக்கிள் அதற்குப் பின் வாங்கியதாம். நாம் இரண்டு கிலோ பாரை மீன் வாங்கினோம். மகன் அவருடைய முடிச்சை இருமுறை கட்டிப் பார்த்துப் பழகிக்கொண்டான். நாம் இரண்டு மாதம் விசாரித்து அறிந்ததன் சாரம், 'கைபடுற பக்கத்தில முடிச்சு' என்ற அவருடைய மூன்று சொற்களில் அடங்கியிருந்தது.

மூன்றாம் நாள் உப்புவெளிப் பக்கம் சென்று, வீதியோரத்துப் போர்வீரர் மயானத்தைப் பார்த்தோம். இரண்டாம் உலகப் போரிலே மாண்ட வீரர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாய் இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைத் தாக்கிய வரலாற்றை மகன் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறான். இங்கே இருபது வயதும் இருபத்தொரு வயதும் பொறித்த கற்களைக் கண்டு மௌனமாய் நின்றான். அங்கிருந்து கன்னியா வெந்நீரூற்றுக்குக் காரிலே போனோம். அருகருகே ஏழு கிணறுகள். ஒவ்வொன்றிலும் சூடு வெவ்வேறு. இராவணன் தன் தாயின் கருமத்துக்காக உண்டாக்கியவை என்பது ஐதிகம்.

இனி, கடற்கரைக்குச் செல்வோர் மறவாதிருக்கவேண்டிய ஒரு விஷயம். கடற்காற்றிலே உப்பு இருக்கிறது. சைக்கிளின் செயினையும் தாங்கியின் திருகுகளையும் அது பதுங்கியிருந்து தின்னும். ஒவ்வொரு நாள் மாலையும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டோம். வீடு திரும்பியதும் தாங்கியைக் கழற்றி, திருகுகளுக்குக் கிறீஸ் பூசி, வெயில் படாத இடத்தில் வைத்தோம். ஓட்டம் இல்லாத காலத்தில் தாங்கியைக் கூரையிலேயே விட்டுவைத்தால் எரிபொருள் வீண், றப்பரும் வெடிக்கும்.

எந்தத் தாங்கி நல்லது என்று எம்மைக் கேட்டால், 'உங்கள் கார் எது, எத்தனை சைக்கிள், ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, தூக்குபவர் யார்' என்று நான்கு கேள்விகளையே திருப்பிக் கேட்போம். முதுகு நோவுள்ளவருக்குக் கூரைத் தாங்கி ஆகாது. கொழுக்கியில்லாத காருக்கு மூன்றாம் வகை ஆகாது. பின்கதவு பிளாஸ்ரிக்காக இருந்தால் முதலாம் வகையைத் தொடவே வேண்டாம். விலையைக் கடைசியாகப் பாருங்கள்.

புறப்படும் நாளுக்கு முந்திய இரவு பௌர்ணமி. பிள்ளைகளோடு மணலில் அமர்ந்திருந்தோம். செம்பொன் நிறமாய் நிலா கடலிலிருந்து எழுந்து, மெல்ல வெளுத்து, கரை முழுவதையும் பாலாக்கியது. சென்ற ஆண்டும் இதே நிலா இங்கே எழுந்திருக்கவேண்டும். இந்த ஆண்டுதான் அதைக் கண்குளிரக் கண்டோம். மறுநாட் காலையிலே காரை எடுக்குமுன், மகன் வழக்கம்போல் சுற்றி வந்தான். தாங்கியின் வாரிலே மீன்காரருடைய முடிச்சு இருந்தது, கைபடுகிற பக்கத்தில்.

"எல்லாம் சரி, அப்பா" என்றான். புறப்பட்டோம்.